டீ குடிச்சா சரியாகிற வண்டி: ஹெச்.டி. காயிலும் ஸ்பார்க் டைமிங்கும்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை மாத்தல. வாசிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கி, துணைத் தலைப்புகள் மட்டும் சேர்த்திருக்கோம்.

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்கலாம்.

அவர்கிட்ட இருக்கிறது 8 வருஷப் பழைய 150 சிசி வண்டி, கார்புரேட்டர் மாடல். தினமும் வேளச்சேரியில் இருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போறார். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகுது. 25 நிமிஷம் ஜம்முன்னு ஓடுது. அப்புறம் ஒரு திணறல்கூட இல்லாம, யாரோ சாவியைத் திருப்பி ஆஃப் பண்ண மாதிரி நின்னுடுது. செல்ஃப் சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கல. ஓரமா தள்ளிட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

மூணு மாசத்தில் பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர் கழுவியாச்சு, பேட்டரியும் புதுசு. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோறதுக்குள்ள வண்டி ஆறிடுது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தானே தம்பி ஓடுது"ன்னு திருப்பிக் கொடுத்துடுறார். போன வாரம் மேம்பாலத்து ஏத்தத்தில், நடு ரோட்டில் நின்னுருக்கு. பின்னாடி ஒரு லாரி. அதோட மனுஷன் பயந்துட்டார். இப்போ ஒரு நண்பர், "ரேசிங் சிடிஐ, பெர்ஃபார்மன்ஸ் காயில் ரெண்டும் போட்டுடு, 6,000 ரூபாயில் தீர்ந்துடும்"னு சொல்றாராம். நம்மகிட்ட அவர் கேக்கிறது ஒரே கேள்வி: போடலாமா?

இதுக்கு ஆமா, இல்லன்னு பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ரெண்டு விஷயம் புரிஞ்சா அந்தப் பதிலை நீங்களே சொல்லிடுவீங்க. பிளக்கில் தீப்பொறி எப்படி வருது? அது எப்போ வரணும்?

12 வோல்ட் எப்படி 20,000 ஆகுது?

பிளக்கோட நுனியைப் பார்த்திருப்பீங்க. நடுவில் ஒரு கம்பி, அதுக்கு மேல வளைஞ்ச ஒரு கொக்கி. ரெண்டுக்கும் இடையில் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டி மின்சாரம் குதிக்கணும். சாதாரணக் காத்தில் 1 மில்லிமீட்டர் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேணும். சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேல வந்து காத்தையும் பெட்ரோலையும் நெருக்கிப் பிடிச்சிருக்கும். நெருக்கமான காத்தில் குதிக்கிறது இன்னும் கஷ்டம். அதனால 10,000, 15,000 வோல்ட், சில நேரம் அதுக்கு மேலயும் தேவைப்படும். நம்ம பேட்டரியில் இருக்கிறதோ வெறும் 12 வோல்ட்.

இந்த இடைவெளியை நிரப்புறதுதான் இக்னிஷன் காயில். ஒர்க்‌ஷாப்பில் ஹெச்.டி. காயில்னு சொல்வாங்க. பெட்ரோல் டேங்குக்கு அடியில், உள்ளங்கையில் அடங்குற சைஸில் ஒரு கறுப்புக் கட்டி. அதில் இருந்து ஒரு தடிச்ச ஒயர் பிளக்குக்கு வரும். உள்ள ஒரு இரும்புத் துண்டு, அதைச் சுத்தி ரெண்டு கம்பிச் சுருள். முதல் சுருள் தடிப்பான கம்பி, சில நூறு சுத்து. ரெண்டாவது தலைமுடி மாதிரி மெல்லிசான கம்பி, 10,000 சுத்துக்கு மேல.

இங்கதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற ஒரு விஷயம் இருக்கு. காயிலுக்குக் கரன்ட் கொடுத்தா தீப்பொறி வரும்னு நினைக்கிறோம். பழைய முறையில் அப்படி இல்ல. கரன்ட் ஓடுறப்போ இரும்பைச் சுத்திக் காந்த சக்தி சேருது, அவ்வளவுதான். அந்தக் கரன்டைச் சட்டுன்னு நிறுத்தும்போதுதான் தீப்பொறி.

உங்க அபார்ட்மென்டில் தண்ணி வேகமா வந்துட்டிருக்கும்போது குழாயைப் பட்டுன்னு மூடினா, பைப்புக்குள்ள 'டொம்'முன்னு ஒரு அடி விழும். கேட்டிருப்பீங்க. ஓடிட்டிருந்த தண்ணியைத் திடீர்னு நிறுத்தினதில் வந்த அழுத்தம் அது. காயிலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கரன்டை அறுத்ததும் காந்தப் புலம் ஒரே நொடியில் சரியுது. அந்தச் சரிவில் முதல் சுருளிலேயே 200, 300 வோல்ட் எகிறும். ரெண்டாவது சுருளில் சுத்து 100 மடங்கு அதிகம், அதனால வோல்ட்டும் 100 மடங்கு. 20,000, 30,000 வந்துடுச்சு பாருங்க.

இதெல்லாம் புதுசு இல்ல. ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடிச்சது 1831-ல். அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் இருந்த நிக்கோலஸ் காலன்ங்கிற பாதிரியார் இந்த மாதிரிக் காயிலை 1836-ல் செஞ்சுட்டார். மோட்டார் சைக்கிள் பிறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே காயில் தயாரா இருந்தது.

புல்லட்டின் ஆம்மீட்டர் முள்

நிறுத்தும்போதுதான் தீப்பொறிங்கிறதைக் கண்ணால பார்க்க முடியுமா? முடியும். வீட்டில் பெரியப்பாவோ மாமாவோ பழைய புல்லட் வெச்சிருந்தா அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து புல்லட் வர ஆரம்பிச்சது. அந்தப் பழைய வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. பாயின்ட்னு சொல்ற ஒரு சின்ன சுவிட்சுதான் காயிலின் கரன்டை விடும், அறுக்கும். 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கார்களுக்குக் கொண்டுவந்த முறை இது. இன்ஜினோட சேர்ந்து சுத்துற ஒரு மேடு, பாயின்டைத் திறந்து திறந்து மூடும். பாயின்ட் திறக்கிற அந்தக் கணம்தான் பிளக்கில் தீப்பொறி விழுற கணம். பக்கத்தில் ஒரு கண்டன்சர் இருக்கும். பாயின்டிலேயே பொறி பறந்து கரன்ட் இழுபடாம, சட்டுன்னு அறுபட அது உதவும்.

ஹேண்டில்பார் பக்கத்தில் ஒரு ஆம்மீட்டர். சாவியைப் போட்டுட்டுக் கிக்கரை மெதுவா அமுக்கினா, பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். காயில் கரன்ட் குடிக்குதுன்னு அர்த்தம். இன்னும் அமுக்கினா ஒரு இடத்தில் முள் டக்குன்னு நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துடுச்சு, பிஸ்டன் உச்சிக்குக் கிட்ட வந்துடுச்சு. அப்போ டிகம்ப்ரசரை இழுத்து, பிஸ்டனை உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேல வரவிட்டு, ஒரே மிதி. பழைய ஆட்கள் முள்ளைப் பார்த்து உதைச்ச ரகசியம் இதுதான்.

இந்தச் சடங்கைச் செய்யாம, டைமிங் சரியில்லாத புல்லட்டை உதைச்சவங்களுக்கு என்ன நடக்கும்னு தெரியும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி, ஒரு வாரம் நொண்டி நடந்தவங்க இருக்காங்க. ஏன் திருப்பி அடிக்குது? பிஸ்டன் மேல ஏறிட்டே இருக்கும்போது தீப்பொறி ரொம்ப சீக்கிரம் விழுந்துடுச்சு. வெடிச்ச வாயு பிஸ்டனை வந்த வழியே கீழ தள்ளுது. ஊஞ்சல் நம்மை நோக்கி வந்துட்டிருக்கும்போதே தள்ளினா மணிக்கட்டு வலிக்குமே, அது மாதிரி.

அப்போ பிஸ்டன் உச்சிக்கு வந்தப்புறம் தீப்பொறி விட்டா பிரச்சினையே இல்லையே? இருக்கு.

விசில் எப்போ அடிக்கணும்?

எம்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடிக்கிறதைக் கவனிங்க. ஸ்டாப் வந்தப்புறம் அடிச்சா பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிக்கும். அதனால கொஞ்சம் முன்னாடியே அடிப்பார். பஸ் வேகமாப் போனா இன்னும் முன்னாடி.

சிலிண்டருக்குள்ளயும் இதே கணக்கு. வெடிக்குதுன்னு பேச்சுக்குச் சொல்றோமே தவிர, பெட்ரோல் கலவை ஒரே நேரத்தில் வெடிக்கிறது இல்ல. பிளக் பக்கத்தில் பத்தின நெருப்பு, அடுத்த சுவர் வரைக்கும் பரவிப் போகணும். அதுக்குச் சில மில்லிசெகண்டு ஆகும். அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு 15 டிகிரி அளவுக்குக் கீழ இறங்கியிருந்தா, தள்ளு முழுசா வேலைக்கு ஆகும். அங்க போய்ச் சேரணும்னா தீப்பொறி உச்சிக்கு முன்னாடியே விழணும். இதைத்தான் அட்வான்ஸ்னு சொல்றாங்க.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஐடிலிங்கில் 1,200 ஆர்பிஎம்னு வைங்க. 1 மில்லிசெகண்டில் கிராங்க் சுத்துறது 7 டிகிரிதான். 6,000 ஆர்பிஎம்மில் அதே 1 மில்லிசெகண்டில் 36 டிகிரி சுத்திடும். அதாவது நெருப்புக்கு அதே அவகாசம் வேணும்னா, 5 மடங்கு முன்னாடி விசில் அடிக்கணும்.

ஆனா உண்மையில் அவ்வளவு தேவைப்படறது இல்ல. வேகம் கூடக் கூட உள்ள வர்ற கலவை சுழன்று அடிச்சுட்டு வரும். அந்தச் சுழற்சி நெருப்பையும் வேகமாப் பரப்பும். அதனால பல வண்டிகளில் ஐடிலிங்கில் சுமார் 10 டிகிரி, அதிக வேகத்தில் சுமார் 30 டிகிரிங்கிற அளவில் அட்வான்ஸ் முடிஞ்சுடும். நெருப்பு பரவ நேரம் ஆகுதுங்கிறதுக்கு நம்ம ஊர் உதாரணம், 2003-ல் வந்த பல்சர் டிடிஎஸ்-ஐ. ஒரே சிலிண்டரில் ரெண்டு பிளக். நெருப்பு ரெண்டு பக்கம் இருந்து கிளம்பறதால, ஒவ்வொண்ணும் போக வேண்டிய தூரம் குறைஞ்சது.

புல்லட்டில் இந்த அட்வான்ஸைக் கூட்டிக் குறைச்சது ரெண்டு சின்ன எடைக்கல்லும் ரெண்டு ஸ்பிரிங்கும்தான். வேகம் கூடினா எடைக்கல் வெளிய விரியும், பாயின்ட் சீக்கிரம் திறக்கும். வேகம் குறைஞ்சா ஸ்பிரிங் திருப்பி இழுக்கும். ஸ்பிரிங் தளர்ந்து எடைக்கல் விரிஞ்சபடியே மாட்டிக்கிட்டா, உதைக்கும்போதும் முழு அட்வான்ஸ் இருக்கும். கிக்கர் திருப்பி அடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, டைமிங் தப்பினா ஓடுற வண்டிக்கு என்ன ஆகும்? லேட்டா விழுந்தா இழுவை இருக்காது, மைலேஜ் விழும், நெருப்பு இன்னும் எரிஞ்சுட்டே வெளிய போறதால சைலன்சர் அதிகமாச் சூடாகும். சீக்கிரம் விழுந்தா அதைவிட மோசம். ஏத்தத்தில் டாப் கியரில் முறுக்கும்போது 'கிடிகிடி'ன்னு சத்தம் வரும். நாக்கிங். நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே, மூலையில் மிச்சம் இருக்கிற கலவை அழுத்தம் தாங்காம தானாப் பத்திக்குது. ஒரு சுத்தியலால பிஸ்டன் தலையில் தட்டிட்டே இருக்கிற மாதிரி. ரொம்ப நாள் விட்டா பிஸ்டனில் ஓட்டை விழுற வரைக்கும் போகும்.

பாயின்ட் போச்சு, சிடிஐ வந்தது

பாயின்ட் தேயும், கருகும், அடிக்கடி கேப் வைக்கணும். அதுக்குப் பதிலா வந்தது ரெண்டு வழி.

ஒண்ணு டிசிஐ. பாயின்ட் செஞ்ச வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்யும். கரன்ட் விடும், அறுக்கும், தத்துவம் மாறல.

இன்னொண்ணு சிடிஐ. இது தலைகீழ். ஒரு கெப்பாசிட்டரில் 200, 300 வோல்ட்டைச் சேர்த்து வெச்சு, நேரம் வந்ததும் மொத்தத்தையும் ஒரே தள்ளாக் காயிலுக்குள்ள கொட்டும். இங்க கரன்ட் வரும்போதுதான் தீப்பொறி. ஆர்எக்ஸ் 100-ல் இருந்தது இந்த வகை. அதுக்கு வேணும்ங்கிற மின்சாரம் மேக்னட்டில் இருந்தே வந்ததால, பேட்டரி செத்தாலும் வண்டி ஒரே உதையில் கிளம்பும். பின்னாடி வந்த பல வண்டிகளில் சிடிஐ பேட்டரியை நம்பி ஓடுது.

ரெண்டிலயும் நேரம் சொல்றது பிக்கப் காயில். மேக்னட்டின் வெளி விளிம்பில் ஒரு சின்ன மேடு இருக்கும். அது பிக்கப் காயிலைக் கடக்கும்போது ஒரு துடிப்பு சிடிஐ பெட்டிக்குப் போகும். நம்ம பஸ்ஸில் விசில் அடிக்கிற கண்டக்டர் இவர்தான். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் இசியு இந்தக் கணக்கைப் போடுது. வேகம், திராட்டில், இன்ஜின் சூடு எல்லாம் பார்த்து ஒவ்வொரு சுத்துக்கும் டைமிங்கை முடிவு பண்ணுது. ஆனா கடைசியில் நிக்கிறது அதே இரும்பும் ரெண்டு சுருளும்தான்.

இப்போ நண்பர் சொன்ன 6,000 ரூபாய் சமாச்சாரத்துக்கு வரலாம்.

பெர்ஃபார்மன்ஸ் காயில் பெட்டியில் 40,000 வோல்ட்னு போட்டிருக்கும். பொய்யா இருக்கணும்னு இல்ல. ஆனா பிளக்கில் வோல்ட் ஏறிட்டே போய், இடைவெளியைத் தாண்டின நிமிஷம் அதுக்கு மேல ஏறாது. உங்க பிளக் 12,000-லயே தாண்டுதுன்னா, மிச்சம் 28,000 பெட்டியில் எழுதின எழுத்து மட்டும்தான்.

ஆபத்து இன்னொரு இடத்தில் இருக்கு. சிடிஐ வண்டிக்கான காயிலில் முதல் சுருளின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 1 ஓமுக்கும் குறைவு. டிசிஐ வண்டிக்கானதில் 2 முதல் 5 ஓம். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிசிஐ வண்டியில் 4 ஓம் காயில்னா 12 வோல்ட்டில் அதிகபட்சம் 3 ஆம்பியர். அங்க அரை ஓம் காயிலை மாட்டினா கணக்குப்படி 24 ஆம்பியர் வரைக்கும் இழுக்கப் பார்க்கும். காயிலோ அதை ஓட்டுற யூனிட்டோ கருகும்.

ரேசிங் சிடிஐ என்ன செய்யும்? அட்வான்ஸைக் கூட்டும், ரெவ் லிமிட்டைத் தூக்கும். கேம், கார்புரேட்டர், கம்ப்ரஷன் எல்லாம் மாத்தின இன்ஜினுக்கு அது தேவைப்படலாம். கம்பெனி இன்ஜினுக்குக் கம்பெனிக்காரங்க ஏற்கெனவே பார்த்து வெச்ச டைமிங் அது. அதுக்கு மேல கூட்டினா கிடைக்கிறது பெரும்பாலும் நாக்கிங்தான்.

டீ குடிக்கிறதுக்கு முன்னாடி பார்க்கணும்

நேயரோட வண்டி சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. இதுக்கு மூணு பேர் மேல சந்தேகம். ஒண்ணு ஹெச்.டி. காயில்: உள்ள இருக்கிற மெல்லிசான கம்பியோ இன்சுலேஷனோ சூட்டில் விட்டுக்கொடுக்கலாம். ரெண்டு பிக்கப் காயில்: அது இன்ஜின் கவருக்குள்ள, சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கு. மூணாவது மின்சாரமே இல்ல: பெட்ரோல் டேங்க் மூடியில் காத்து போற துளை அடைச்சுக்கிட்டாலும், ஓட ஓடப் பெட்ரோல் இறங்காம நின்னு, கொஞ்ச நேரத்தில் சரியாகும்.

இவங்களைப் பிரிச்சுப் பார்க்க ஒரே வழி, வண்டி நின்ன உடனே சோதிக்கிறது. டீ குடிச்சிட்டு வந்தா சாட்சி கலைஞ்சுடும்.

அதே நம்பர் பிளக் ஒண்ணு சீட்டுக்கு அடியில் வெச்சுக்கோங்க. வண்டி நின்னதும் முதல்ல ரோட்டை விட்டு ஓரமா, பாதுகாப்பா வாங்க. இன்ஜினில் இருக்கிற பிளக்கைக் கழட்ட வேண்டாம். கேப்பை மட்டும் உருவி, ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் ஃபின்னில் நல்லாத் தொடுற மாதிரி செருகி வைங்க. கையால பிடிக்காதீங்க, அது 20,000 வோல்ட். கேப்பைச் சும்மா தொங்கவிட்டும் செல்ஃப் அடிக்காதீங்க. போற இடம் இல்லாத வோல்ட் காயிலையே குத்திக் கிழிக்கும். டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். நிழல் விழற மாதிரி குனிஞ்சு பார்த்துட்டு செல்ஃபை அமுக்குங்க.

'டிக் டிக்'னு நீலமா, கனமா பொறி விழுந்தா பெட்ரோல் பக்கம் பாருங்க. எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டு, அப்புறம் டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்'ஸுன்னு காத்து உள்ள போய், வண்டியும் கிளம்பினா மூடிதான் குற்றவாளி. பொறியே இல்லன்னா மின்சாரப் பக்கம். ஒரு எச்சரிக்கை: வெளிக் காத்தில் பொறி சுலபமா விழும். சோகையா, ஆரஞ்சு நிறத்தில் விழுற பொறி உள்ள அழுத்தத்தில் விழாமலும் போகலாம்.

பொறி இல்லன்னா முதல்ல பிளக் கேப்பைப் பாருங்க, விலை குறைஞ்ச சாமான் அதுதான். அதுக்குள்ள பெரும்பாலும் 5,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். விரிசல் விட்டா மழையில் கரன்ட் அது வழியா இன்ஜின் மேல ஒழுகிடும். கேப் சரியா இருந்தா, சூடு ஆறுறதுக்குள்ள மல்டிமீட்டர் வெச்சு ஹெச்.டி. காயில், பிக்கப் காயில் ரெண்டையும் அளந்து, சர்வீஸ் மேனுவலில் இருக்கிற எண்ணோட ஒப்பிடணும். மீட்டரில் சரியா காட்டியும் ஹெச்.டி. காயில் போயிருக்கலாம், ஏன்னா மீட்டர் 20,000 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறது இல்ல. அப்படிச் சந்தேகம் வந்தா, அதே மாடல் வண்டியில் நல்லா ஓடிட்டிருக்கிற காயிலைக் கழட்டி மாட்டி ஓட்டிப் பார்க்கிறதுதான் வழி.

இதையெல்லாம் நேயருக்கு எழுதி அனுப்பினேன். நாலு நாள் கழிச்சுப் பதில் வந்தது. வேணும்னே ஒர்க்‌ஷாப் இருக்கிற தெருவையே சுத்திச் சுத்தி ஓட்டியிருக்கார். வாசலிலேயே நின்னுருக்கு. பொறி இல்ல. மெக்கானிக் உடனே மீட்டர் வெச்சார். ஹெச்.டி. காயில் சரி. பிக்கப் காயிலில் மீட்டர் எதுவுமே காட்டல, கம்பி அறுந்த மாதிரி. ஒரு அரை மணி நேரம் கழிச்சு அளந்தா, 200 ஓம் பக்கத்தில் ஒழுங்காக் காட்டுது.

விசில் அடிக்கிற கண்டக்டருக்குத்தான் சூட்டில் மயக்கம். அந்த 6,000 ரூபாயில் வாங்க இருந்த ரெண்டு சாமானும் நிரபராதி. ரெண்டையும் புதுசா மாட்டியிருந்தாலும் வண்டி அதே மாதிரி 25-வது நிமிஷத்தில் நின்னுருக்கும், ஒருவேளை அதே மேம்பாலத்தில்.

உங்க வண்டியிலும் இப்படி ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. எவ்வளவு நேரம் ஓடினப்புறம் நின்னது, மழையா வெயிலா, நின்ன உடனே பொறி இருந்ததா இல்லையா, இந்த மூணும் சேர்த்துச் சொல்லுங்க. மீதியைச் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.